ராஜினாமா எழுதச் சொன்னால் எழுதிவிடாதீர்கள்! – அலுவலக அரசியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். புது மேனேஜருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டெர்மினேட் செய்வோம், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் கிடைக்காது" என்கிறார்கள். இரண்டு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அவகாசம் வாங்கியது நல்லது. உங்கள் கையெழுத்துக்கு அவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள்? நீக்கினால் காரணம் காட்ட வேண்டும். நீங்களாகப் போனால் அந்தத் தலைவலி இல்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் விசிட்டிங் கார்டில் 'லீட்' என்று போட்டிருப்பதாலேயே நீங்கள் நிர்வாகி ஆகிவிட மாட்டீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இன்றைக்கே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், உங்கள் சொந்த முகவரியிலிருந்து. அலுவலக ஐ.டி.யை எப்போது வேண்டுமானாலும் முடக்குவார்கள். பேசிய தேதி, நேரம், அறையில் இருந்தவர்கள், அவர்கள் சொன்னது, கடைசியில், "ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. பணியில் தொடர்கிறேன். என் வேலையில் குறை இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்." ஆறு வரி போதும். மேனேஜரின் குணநலன்களை விவரிக்க ஆரம்பித்தால் கடிதம் கெட்டுவிடும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பழைய அப்ரைசல் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதியை வீட்டில் வையுங்கள். பதற்றத்தில் வாடிக்கையாளர் கோப்புகளையோ மென்பொருள் நிரலையோ உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நீங்களே ஒன்றைக் கொடுத்ததாகிவிடும்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு: பின்தேதியில் அமலாகும் ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது. அது அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் ராஜினாமா பற்றிய வழக்கு! உங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நிர்ப்பந்தம் நடந்த விதத்தையும் சேர்த்து உடனே எழுதுங்கள். 'தனிப்பட்ட காரணங்களால்' என்று எழுதிக் கொடுத்தவர்கள், பின்னால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்கப் படாதபாடு படுவார்கள்.

கேள்வி: அரசு அலுவலகத்தில் உதவியாளர் நான். பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரத்தில், மேலதிகாரி பல வருடத்துக்கு முந்தைய கோப்பைத் தோண்டி எடுத்து 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார். "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, விட்டுவிடுவார்" என்கிறார்கள் சக ஊழியர்கள்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மன்னிப்புக் கடிதம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம். எழுதாதீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(ஏ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகள். 17(பி) பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகும். அது நிலுவையில் இருந்தால் பேனலில், அதாவது பதவி உயர்வுப் பட்டியலில், பெயர் ஏறாது. தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, பேனல் தேதி தாண்டினாலே சிலருக்குக் காரியம் முடிந்தது.

குறிப்பாணையின் இணைப்புகளைப் பாருங்கள்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். அந்த ஆவணங்களின் நகலை முதல் இரண்டு மூன்று நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். நகல் வரத் தாமதமானால் பதில் தரும் கெடு முடிவதற்குள் கூடுதல் அவகாசமும் கேளுங்கள். பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எண் போட்டுத் தனித்தனியாக மறுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது ஒரு வரியில்: வாய்மொழி விசாரணை வேண்டுமா என்பதற்கு 'வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள். விசாரணை நடந்தால்தான் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும். விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்காமல் தண்டிக்க முடியாது; இது 1993-லேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்த விஷயம்.

பழைய கோப்பு என்கிறீர்களே, அதைப் பதிலின் முதல் பத்தியிலேயே எடுத்து வையுங்கள். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் மகாதேவன் வழக்கில், 1990 சம்பவத்துக்கு 2000-இல் தந்த குறிப்பாணையை, தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சம்பவம் எப்போது, அதிகாரிகளுக்குத் தெரிந்தது எப்போது, குறிப்பாணை எப்போது என்ற மூன்று தேதிகளும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: மேலாளர் மீது உள்புகார்க் குழுவில் பாலியல் தொந்தரவுப் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அப்ரைசல். எனக்கு ரேட்டிங் போடப்போவதும் அவரேதான்!
– வாசகி, கோவை

பதில்: விசாரணைக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள். அதற்குள் உங்கள் ரேட்டிங் முடிந்துவிடும். எனவே குழுவிடம் இப்போதே தனியாக ஓர் இடைக்கால மனு கொடுங்கள். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டத்தின் 12-வது பிரிவில், இடமாற்றத்தோடு, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பும் கேட்க வழி இருக்கிறது. உங்களுக்கு முக்கியமானது அதே ஆண்டின் விதிகளில் 8-வது விதி: புகாருக்குள்ளானவர் உங்கள் பணி பற்றி அறிக்கை எழுதக் கூடாது, அதை வேறு அதிகாரி எழுத வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். மனுவில் அப்ரைசல் தேதியைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 'பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைப்பார்கள். விசாரணையில் இரு தரப்புக்கும் வக்கீல் வைக்க அனுமதி கிடையாது.

கேள்வி: வாயால் உத்தரவு போடுகிறார், பிரச்னை வந்தால் "நான் சொல்லவே இல்லை" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேலையைத் தொடங்கும் முன் ஒரு மெயில்: "சார், காலையில் நீங்கள் சொன்னபடி, இரண்டாவது பேட்சை டெஸ்ட் முடியும் முன்பே அனுப்புகிறேன். மாற்றம் இருந்தால் 12 மணிக்குள் சொல்லுங்கள்." புகார் தொனி வேண்டாம். வேலை கெட்ட பிறகு அனுப்பினால் அதற்கு மதிப்பில்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் தயங்கவே வேண்டாம்: வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்பது நடத்தை விதிகளின்படி உங்கள் கடமை.