குப்பைக் கூடையில் கிடந்த வெண்டைக்காய்

(2020 ஆகஸ்டில் வந்த கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. சென்னைப் புறநகரில், எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கிறோம். பன்னிரண்டு வருடமாக இங்கேதான். ஆனால் மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கும் வரை அக்கம்பக்கத்தாரிடம் "தண்ணி லாரி வந்துச்சா?" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

ஏப்ரலில் பொழுது போகாமல் மொட்டை மாடியில் செடி வைக்க ஆரம்பித்தேன். நர்சரி எதுவும் திறக்கவில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருந்த வெந்தயத்தைத் தூவினேன். தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் இரண்டாக உடைத்துப் போட்டேன். இலை ஆய்ந்தது போக மிஞ்சிய புதினாத் தண்டை ஓட்டை பக்கெட்டில் ஊன்றினேன். எதிர் வீட்டு மாமி, ஊரிலிருந்து எப்போதோ கொண்டுவந்த வெண்டை விதையைக் கொடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக மாடிக்கு வந்தார்கள். மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றிய நாட்களில் தெருவில் காய் விலை எகிறியபோது, நாங்கள் மாடியில் கீரை பறித்து எட்டாகப் பங்கு போட்டோம். ஆளுக்கு ஒரு பிடிதான் வரும். ஆனாலும் திருவிழா மாதிரி இருக்கும்.

ஜூன் கடைசியில் என் கணவருக்குத் தொற்று. லேசான காய்ச்சல், வாசனை போய்விட்டது, அவ்வளவுதான். வீட்டிலேயே இருந்து குணமானார். ஆனால் ஆட்கள் வந்து, நாங்கள் வெளியே வராதபடி எங்கள் வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். பதினான்கு நாள். பால்கனியிலிருந்து கூடையைக் கயிறு கட்டி இறக்கித்தான் பால் வாங்கினேன். வாட்ஸ்அப் குரூப்பில் "படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாதீர்கள்" என்று ஒருவர் போட, ஏழு பேர் கட்டை விரல் காட்டினார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தகரத்தை எடுத்த பிறகு மாடிக்குப் போனேன். செடிகள் வாடாமல் இருந்தன. வெண்டை நிறையக் காய்த்திருந்தது. பறித்துக் கழுவி, ஒரு பையில் போட்டு மாமி வீட்டு வாசலில் வைத்தேன். மறுநாள் காலை அந்தப் பை பிரிக்காமல் குப்பைக் கூடையில் கிடந்தது.

அன்றிலிருந்து நான் மாடி ஏறவில்லை. எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, குரூப்பில் போட நீளநீளமாக எழுதி அழிக்கிறேன். இப்போது அதே குரூப்பில் "அக்கா, கீரை இருக்கா?" என்று கேட்கிறார்கள். கணவர் "விட்டுத் தள்ளு" என்கிறார். எப்படி விடுவது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். விட்டுத் தள்ளுகிற அளவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நோய் வந்த வீட்டைக் குற்றம் செய்த வீடு மாதிரி அடைத்து, அதை ஊரும் பார்த்தது. அந்த ஆணி அடித்த சத்தத்தை உங்கள் உடம்பு ஆபத்து என்று பதிந்து வைத்திருக்கிறது. படபடப்பு வரும்போது அதோடு சண்டை போடாதீர்கள். "கீழே தச்சு வேலை நடக்குது" என்று வாய்விட்டுச் சொல்லி, மூச்சை இழுக்க எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வாரங்கள் போகப்போக இது தணியும். இன்னும் மூன்று வாரத்திலும் தூக்கம் சரியாகாவிட்டால் 104-ஐ அழையுங்கள், மனநல ஆலோசனையும் அதில் கிடைக்கும். அல்லது ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப் போன ஒரு வரி. "செடிகள் வாடாமல் இருந்தன." ஜூலை வெயிலில், மொட்டை மாடியில், பக்கெட்டில் வைத்த செடி இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலே தொங்கிவிடும். பதினான்கு நாள் யாரோ படியேறி ஊற்றியிருக்கிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. குப்பையில் போட்டவரே தண்ணீர் ஊற்றியவராகவும் இருக்கலாம், அதற்காகச் சொல்கிறேன். வெண்டை அவர் கொடுத்த விதை அல்லவா?

மாமி வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. வயதானவர்களோ, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களோ இருக்கலாம். இந்த நோய் முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது, கழுவிச் சமைத்த காயால் அல்ல. அது தெரிந்தும் பயம் போகாது. ஏப்ரலில் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியவள்தான் நானும். ஆனால் பயந்தார் என்பதால் உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று ஆகிவிடாது. நீங்கள் பார்க்கிற இடத்தில் போட்டது தப்புதான்.

அதை அவரிடமே சொல்லுங்கள். ஏழு பேரிடம் இல்லை, அவர் ஒருவரிடம். முகக்கவசத்தோடு, படிக்கட்டில் நின்று, இரண்டே வாக்கியம்: "மாமி, அன்னிக்கு வெண்டைக்காயைக் குப்பையில பார்த்தேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." அதற்கு மேல் விளக்க வேண்டாம். அவர் மன்னிப்புக் கேட்கலாம், மழுப்பலாம், "எந்த வெண்டைக்காய்?" என்றுகூடக் கேட்கலாம். எதுவானாலும், ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் எழுதி அழிப்பது ஒரு தடவையாவது பகலில், சேர வேண்டியவரிடம் சேர்ந்திருக்கும். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள், ஆனால் வேறொரு நாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் கணக்குத் தீர்ப்பது போல ஆகிவிடும்.

கீரை கேட்கிறவர்களுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. "இப்போ என்னால மாடிக்குப் போக முடியல, நீங்களே பறிச்சுக்கோங்க" என்று போடலாம், அது உண்மையும்கூட. உங்களுக்காக மட்டும் போக முடிகிற நாளில் போங்கள். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் போதும். பறிக்காமல் விட்ட வெண்டை இந்நேரம் முற்றி நாராகியிருக்கும். அதைப் பார்த்ததும் கோபமோ அழுகையோ வந்தால் வரட்டும், மாடியில் யாரும் இல்லை.

இன்னொன்று. "விட்டுத் தள்ளு" என்கிற உங்கள் கணவரைப் பற்றி நான் கொஞ்சம் யோசிக்கிறேன். காய்ச்சல் வந்தது அவருக்கு. தன்னால்தான் வாசலில் தகரம் வந்தது என்று அவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அழும்போதெல்லாம் அது அவரைக் குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். "உங்களுக்கு அந்தப் பதினான்கு நாள் எப்படி இருந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதில் அந்த இரண்டு வார்த்தைதான் இருக்கிறது.

இரவு குரூப்பில் எதுவும் போடாதீர்கள். கை துறுதுறுத்தால் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.