எலியையும் டயட்டத்தையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு சிறிய கொறித்துண்ணியையும் நன்னீர் டயட்டத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. – ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

அம்மா, முழு எலியை டயட்டத்தோடு ஒப்பிட்டால் ‘பெரியது, சிறியது’ என்பதோடு கட்டுரை நின்றுவிடும். டயட்டம் என்பது நீரில் வாழும் நுண்ணிய பாசி; அதன் உடம்பே ஒரே ஒரு செல்தான். அதனால் எலியின் ஒரு செல்லை அதனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பல டயட்டங்கள் அந்தச் செல்லைவிடப் பெரியவை! இரண்டிலும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. எலியிடம் இல்லாதவை, ஒளியில் உணவு தயாரிக்கும் பழுப்பு நிறக் கணிகமும் சிலிக்கா ஓடும்.

அந்த ஓட்டைப் பற்றி அவள் விரிவாகவே எழுதலாம். மூடி போட்ட டப்பா மாதிரி அதற்கு இரண்டு பாதிகள். செல் பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதி. ஒவ்வொன்றும் தனக்கு வந்ததை மூடியாக வைத்துக்கொண்டு, உள்ளே பொருந்தும் பாதியைப் புதிதாகச் செய்கிறது. அடிப்பாதி கிடைத்த செல், தாயைவிடச் சற்றுச் சிறியதாகிவிடும். பெரும்பாலான டயட்டங்கள் இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி, பிறகு பாலினப் பெருக்கத்தின்போது பழைய அளவுக்குத் திரும்புகின்றன. எலிக்குட்டியோ வளர்ந்து தாயளவு ஆகிறது.

இன்னொன்றையும் விட்டுவிட வேண்டாம். எலியின் கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்ற உதவும் யூரியா சுழற்சி, டயட்டத்திலும் இருக்கிறது. 2004இல் ஒரு கடல் டயட்டத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இது தெரியவந்தது. ஆனால் டயட்டத்துக்கு அது கழிவகற்றும் வழியல்ல. நைட்ரஜன் பஞ்சத்துக்குப் பிறகு சட்டென்று மீள அது உதவுகிறது. ஒரே கருவி, இரண்டு வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எலிக்கு எடுத்துக்காட்டாக உங்கள் ஊர் எலி இனத்தையே வைத்துக்கொள்ளலாம்: மாஸ்டோமிஸ் நட்டாலென்சிஸ். 1834இல் டர்பன் பகுதி எலியை வைத்து விவரிக்கப்பட்டதால் பெயரிலேயே அந்தப் பகுதியின் பெயரான நேட்டால் இருக்கிறது.

டயட்டத்தை நேரிலேயே பார்க்கலாம். ஓடையில் கிடக்கும் கல்லின் வழுவழுப்பான பழுப்புப் படலத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, அந்த நீரில் ஒரு சொட்டைப் பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கினால் போதும். ஆற்றின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வாளர்களும் கல்லை இப்படித்தான் தேய்த்து எடுக்கிறார்கள். ஆனால் உங்கள் குவாசுலு-நேட்டால் மாகாண ஆறுகளில் பில்ஹார்சியா, அதாவது தண்ணீரிலிருந்து தோல் வழியே உடலுக்குள் புகும் புழுவால் வரும் நோய், உண்டு. வெறுங்காலோடு தண்ணீரில் இறங்க விடாதீர்கள், கையுறை போடச் சொல்லுங்கள். காட்டெலியைப் பிடிக்கவும் வேண்டாம். அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரலாம்.