லேயில் அப்படி என்னதான் இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு லடாக் போய் வந்தேன். நீங்கள் ஏதோ ஒரு பேச்சில் உங்களுக்கு மிகப் பிடித்த ஊர் லே என்று சொன்னதாக நினைவு. எனக்கு அது பிடிபடவே இல்லை. விமானத்திலிருந்து இறங்கியதும் இரண்டு நாள் அறையை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தலைவலி வேறு. இரண்டாம் நாள் சாயங்காலம் பஜாருக்குப் போனால் ஓட்டல், காபிக்கடை, வாடகை பைக், ‘லடாக்’ என்று அச்சடித்த பனியன். பாங்காங் ஏரிக்கும் நுப்ராப் பள்ளத்தாக்குக்கும் வண்டி பிடிக்கிற பஸ் ஸ்டாண்டு போலத்தான் இருந்தது. பாலைவனம் என்கிறார்கள், சுற்றிலும் பனிமலை. நாட்டின் கடைசியில் ஒண்டியாகக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது?

பி.கு.: அங்கே எங்கள் நாலு பேர் போனில் ஒன்றுகூட எடுக்கவில்லை. உங்களுக்கு எடுத்ததா?

கே.

அன்புள்ள கே.,

தலைவலிக்கு ஊரைத் திட்டாதீர்கள். 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியில் விடிகாலை ஏறி, காலைப் பலகாரத்துக்கு அங்கே இறங்கினால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். நானும் முதல் தடவை இரண்டு நாள் சுருண்டுதான் கிடந்தேன்.

என் சண்டை உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல்லோடுதான். ‘கடைசி’.

லே கடைசி ஊராகி எழுபத்தைந்து வருடம்போலத்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பல நூறு வருடங்கள் அது நடுவில் இருந்த ஊர். வடக்கே காரகோரம் கணவாயைத் தாண்டினால் இன்றைய சீனத்தில் இருக்கும் யார்க்கந்து, தெற்கே பஞ்சாப், மேற்கே காஷ்மீர், கிழக்கே திபெத். நாலு பக்கத்திலிருந்தும் வணிகச் சாத்துகள் வந்து இறங்கி, சரக்கையும் குதிரையையும் மாற்றிக்கொண்டு போன சந்திப்பு. யார்க்கந்திலிருந்து பட்டு, கம்பளம், சரஸ். ஆமாம், கஞ்சாவிலிருந்து எடுக்கும் அதே சரஸ்தான், வரி கட்டி வெளிப்படையாக நடந்த வியாபாரம். தெற்கிலிருந்து துணி, மசாலா, நீலச் சாயம். பஞ்சாபின் ஹோஷியார்பூர் வணிகர்களான லாலாக்கள் அங்கேயே கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே போகிறவர்கள் கார்துங் லா, சசேர் லா, காரகோரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய் ஏற வேண்டும். பாதை எது என்று தெரிவதற்கு வழியெல்லாம் செத்து விழுந்த குதிரைகளின் எலும்பே போதும் என்று அந்த வழியாகப் போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். (கார்துங் லாவில் 18,380 அடி, உலகத்திலேயே உயரமான சாலை என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் நீங்களும் படம் எடுத்திருப்பீர்கள். உண்மை உயரம் 17,582 அடி. படத்தை அழிக்க வேண்டாம்.)

அப்படி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போகவில்லை. பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொண்டால் அடுத்த வெயில்வரை லேயில்தான் இருப்பு. சிலர் அங்கேயே பெண் கட்டினார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களை ‘அர்கோன்’ என்பார்கள், இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் பனியன் பார்த்துக்கொண்டு நின்ற அதே பஜாரின் தலைமாட்டில் ஒரு மசூதி இருக்கிறதே, அது 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு நேர் மேலே பாறையில் ஒன்பது அடுக்கு மண் அரண்மனை, லடாக் ராஜா செங்கே நம்கியால் கட்டியது. 1834இல் ஜம்முவிலிருந்து டோக்ரா படை வந்த பிறகு ராஜ குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டோக் கிராமத்துக்குக் குடிபோய்விட்டது. அந்த அரண்மனையைக் கட்டிய பௌத்த ராஜாவின் அம்மா பால்டிஸ்தானத்து முஸ்லிம் இளவரசி. கொஞ்சம் தள்ளி மொரேவியன் கிறிஸ்தவர்களின் சர்ச். 1885இல் வந்து தங்கிய அந்த மிஷன் 1904இல் லடாக்கி மொழியில் செய்தித்தாளே நடத்தியது. அதற்கும் முன்னால், 1880களில், அவர்களோடு வந்து வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயர் கார்ல் மார்க்ஸ். நீங்கள் நினைக்கிற மார்க்ஸ் இல்லை. இவர் லடாக் ராஜாக்களின் வரலாற்றை மொழிபெயர்க்க உட்கார்ந்து, 1891இல் லேயிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள், பார்த்தால் யார் வீட்டு முற்றத்துக்கோ போகிற வழி போலிருக்கும். உள்ளே வரிசையாக நான் ரொட்டிக் கடைகள். கடை என்றால் ஒரு இருட்டு அறை, தரையோடு தரையாகப் புதைத்த தந்தூர் அடுப்பு, அதன் விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு ஆள். மாவைத் தட்டி, விரல் நுனிகளால் வரிவரியாகக் குழித்து, ஒரு துணித் திண்டின் மேல் போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு அடுப்புச் சுவரில் அறைகிறார். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு இரும்புக் கொக்கியால் சுரண்டி எடுத்துப் பழைய துணியில் வீசுகிறார். காலையில் அங்கே கூட்டம் நிற்கும். யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லோருக்கும் தூக்கம். சூடான ரொட்டியை வாங்கி ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். நெஞ்சுக்கு அது ஒரு கணப்பு. எனக்கு லே என்றால் பாங்காங்கின் நீலம் இல்லை, அந்த ஸ்வெட்டர்தான்.

சரி, நடு ஊர் எப்படிக் கடைசி ஊரானது? 1949இல் சீனத்துப் பக்கம் எல்லையை மூடினார்கள். அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடம்தான் காஷ்மீர் போருக்காக இந்திய விமானப்படையின் மெஹர் சிங் சிந்து நதிக்கரை மணலில் டகோட்டா விமானத்தை முதன்முதலாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். வடக்குக் கதவு சாத்தியது, தெற்கிலிருந்து ராணுவம் வந்தது, 1960களில் சாலை வந்தது. வணிகச் சாத்தோடு வந்த இரட்டைத் திமில் ஒட்டகங்களில் சில நுப்ராவிலேயே தங்கிவிட்டன. ஹுண்டர் மணல்மேட்டில் உங்கள் பிள்ளைகள் சவாரி போயிருப்பார்களே, அவற்றின் பேரப்பிள்ளைகள்தான்.

1974இல் ஊரை வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வருடம் வந்தவர்கள் சில நூறு பேர். 2022இல் லடாக்குக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். லே நகரத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி சுமார் முப்பத்தோராயிரம். ஆக, வழிப்போக்கர்களை வைத்துப் பிழைப்பது லேக்குப் புதிது இல்லை. பஸ் ஸ்டாண்டு என்று நீங்கள் எழுதியது ஒருவகையில் சரிதான், அந்த ஊர் என்றைக்குமே பஸ் ஸ்டாண்டுதான். என்ன ஒன்று, முன்பு வந்தவர்கள் குளிக்கவில்லை.

கேலி இல்லை. உங்களுடைய பாலைவனச் சந்தேகத்துக்கும் இங்கேதான் பதில். பாலை என்றால் மணல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழை இல்லாததுதான் பாலை. இமயமலை தெற்கே நின்று பருவமழையைத் தடுத்துவிடுவதால் லேயில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர், சென்னையில் ஒரு நல்ல நவம்பர் நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிற மழை. சிந்து நதியோ ஊருக்குக் கீழே ஓடுகிறது, தானாக மேலே ஏறி வராது. ஊர் முளைத்ததே வடக்கே பனி உருகி வரும் ஒரு ஓடையை நம்பி. பார்லி வயல், பாப்லர் மரம், கீரைப் பாத்தி, எல்லாம் அதன் வாய்க்கால் போன இடம் வரைதான். வாய்க்கால் நிற்கிற இடத்தில் பச்சையும் கோடு கிழித்தாற்போல நின்றுவிடும். மேலே அரண்மனையிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு தெரியும்.

வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிட அங்கே ‘சுர்போன்’ என்று ஒருவர் உண்டு. நம் கண்மாய்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று இருந்தார்களே, அதே வேலை. இன்றைக்கு யார் வயல், எத்தனை நேரம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். விதைக்கிற ஏப்ரல், மே மாதங்களில்தான் தண்ணீருக்கு இழுபறி, ஏனென்றால் மேலே பனி சரியாக உருக ஜூன் ஆகிவிடும். லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக் குளிர்காலத்தில் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக் கூம்பாக உறையவைத்தாரே, அந்த ஐஸ் ஸ்தூபா இந்த இரண்டு மாத ஓட்டையை அடைக்கத்தான். நாம் அதை வாட்ஸாப்பில் அழகுக்காக அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நான் தங்கிய வீட்டில் இரண்டு கக்கூஸ். விருந்தினருக்கு ஃப்ளஷ். வீட்டாருக்கு மாடியில் பழைய உலர் கக்கூஸ்: மண் தரையில் ஒரு நீளத் துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், ஒரு மண்வெட்டி. போய்விட்டு இரண்டு வெட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. நாற்றம் கிடையாது, நம்புங்கள். கீழ் அறையில் சேர்வது எல்லாம் வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. அந்த வீட்டு அம்மாவிடம் இதையே நானும் உபயோகிக்கிறேனே என்றேன். சிரித்தார். விருந்தாளிகள் முதலில் கேட்பதே சுடுதண்ணீர் வருமா என்றுதான், நீங்கள் மட்டும் ஏன் இப்படி என்றார். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் போர்வெல் வேண்டும், ஃப்ளஷ் போட்டால் செப்டிக் டேங்க் வேண்டும், இரண்டும் ஒரே மண்ணுக்குள்தான். குளிர்காலத்தில் குழாய் உறைந்து ஊர்க்காரர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது நாம் யாரும் அங்கே இருப்பதில்லை.

அவரை ‘ஆமா-லே’ என்று கூப்பிட வேண்டும். ஆமா என்றால் அம்மா, லே மரியாதைக்கு. திருநெல்வேலிக்காரனான எனக்கு முதல் நாள் நாக்கு கூசியது, எங்கள் ஊரில் அம்மாவை ‘லே’ போட்டுக் கூப்பிட்டால் முதுகில் விழும்.

படுத்துக் கிடந்த இரண்டு நாளும் அண்ணாந்து பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கான்கிரீட் ஓட்டல் என்றால் ஒன்றும் இருந்திருக்காது. என் அறையில் பாப்லர் உத்தரம், அதன் குறுக்கே தோலுரித்த வில்லோக் குச்சிகளை விரல் விரலாக நெருக்கி அடுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் புல், அதற்கு மேல் மண், முடிந்தது கூரை. மாடியில் யாராவது நடந்தால் என் போர்வை மேல் பொடிமண் உதிரும். மழையே வராது என்ற நம்பிக்கையில் போட்ட கூரை. 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி ராத்திரி அந்த நம்பிக்கை பொய்த்தது. மேகம் உடைத்துக் கொட்டி, மலையே சேறாக இறங்கி வந்து, லேயிலும் சோக்லம்சரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருநூறு பேருக்கு மேல் போனார்கள். என்னோடு பேசிய ஆமா-லே அதைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார். மறுநாள் காலையில் எல்லார் வீட்டுப் பாத்திரமும் ஒரே இடத்தில் கிடந்தது என்று.

அடுத்த தடவை போனால் அதே இரண்டு நாள் சும்மா இருங்கள், ஆனால் பழைய ஊர்ப் பக்கம் ஒரு மண்வீட்டில் இருங்கள். சாயங்காலம் பஜார் நடைபாதையில் டர்னிப்பும் கீரையும் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்கும் ஆப்ரிகாட்டின் கொட்டையை எறிய வேண்டாம். உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரி பருப்பு இருக்கும். கசந்தால் துப்பிவிடுங்கள், கசப்பு ரகம் உடம்புக்கு ஆகாது.

போன் விஷயம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும். எனக்கும் எடுக்கவில்லை. வீட்டில் அதற்காக இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.