டீயில் சர்க்கரையை நிறுத்தினால் தலைவலி வருகிறதா?

இது சர்க்கரையை விட்ட தலைவலி இல்லை, டீயை விட்ட தலைவலியாகத்தான் இருக்கும். சர்க்கரையை நிறுத்திய அதே நாளில் நாலு டம்ளர் டீயை ஒன்றாக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். டீயில் இருக்கும் காஃபீன் திடீரென்று குறைந்தால் ஒரு நாளுக்குள் தலை வலிக்கத் தொடங்கும். இரண்டாம் நாள் மோசமாகும், ஒரு வாரம்கூட இழுக்கும்.

நாளைக்கு வழக்கமான நேரத்தில் நாலு டீயும் குடியுங்கள், சர்க்கரையை மட்டும் குறைத்து. வலி விட்டால் காரணம் டீயைக் குறைத்ததுதான்.

குறைப்பதற்கு முன் உங்கள் ஸ்பூனைக் கவனியுங்கள். தலைதட்டிப் போட்டால் சுமார் 4 கிராம். எங்கள் வீட்டில் குவித்து அள்ளியதைத் தராசில் வைத்தபோது 7 காட்டியது! டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டீக்கு 56 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. தலைதட்டிப் போட்டாலே 32-க்கு வந்துவிடுவீர்கள். அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். டீயின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம்.

நாட்டுச்சர்க்கரைக்கு மாறுவது குறைப்பதாகாது, அதுவும் சர்க்கரைதான்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். டீ குடித்தும் வலி நிற்கவில்லை என்றாலும் அவரிடம் காட்டுங்கள்.