கார் ஏசியில சூடான காத்து வருதா? கேள்வி பதில்

பங்குனி, சித்திரையில பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏசி கேள்வி குவியறதும் அப்பத்தான். கொழிஞ்சாம்பாறையில கார் ஏசி வேலை பார்க்கறவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணா, வருஷா வருஷம் கேஸ் ஏத்தறேன். ரெண்டே மாசத்துல மறுபடியும் சூடான காத்துதான் வருது. கேஸ் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துடுமா? (சித்தூர்)

தீராதுங்க. பெட்ரோலாட்டம் எரிஞ்சு செலவாகற பொருள் இல்லை அது. மூடின பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கறது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல லேசாக் குறையும், அது வேற. ரெண்டு மாசத்துல போகுதுன்னா எங்கயோ நல்லாக் கசியுது. அந்த இடத்தைத் தேடாம கேஸ் மட்டும் போட்டு அனுப்பறதை நான் ரிப்பேர்னே சொல்ல மாட்டேன்.

கேஸோட கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுத்த வைக்கற பம்ப்) ஆயிலும் சேர்ந்தே வெளிய வரும். அதனால கசியற ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கும், அது மேல ஒட்டின கறுப்பு மண்ணும் இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்டன்சரோட (கேஸோட சூட்டை வெளிய தள்ளற, வண்டி முன்னாடி இருக்கற வலை) முன்பக்கம், பைப் வளையற இடம், கம்ப்ரஸர் சீல், மூணையும் விடாதீங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவணும். டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில் கசிஞ்சா சோப்பு உதவாது, லீக் டிடெக்டர்தான் வேணும்.

ஓட்டையைச் சரி பண்ணினதும் ஜாயின்ட்ல புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, ஈரத்தை உறிஞ்சற டிரையரையும் மாத்தச் சொல்லுங்க. அப்புறம் அரை மணி நேரமாவது வாக்குவம் போடணும், அதாவது பம்ப் வெச்சு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சணும். பம்ப்பை நிறுத்தின பிறகு கேஜ் முள் ஏறாம நிக்குதான்னு நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. ஏறினா இன்னும் ஓட்டை இருக்கு, இல்லைன்னா உள்ள ஈரம் இருக்கு. கேஸை எடை போட்டு ஏத்தணும். எத்தனை கிராம்னு பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர்லயே இருக்கும். அதிகமா ஏத்தினாலும் குளிராது, கம்ப்ரஸருக்கும் கேடு.

ஓடும்போது ஜில்லுன்னு இருக்குங்க. பொள்ளாச்சி சிக்னல்ல நின்னா சூடாயிடுது. (மீனாட்சிபுரம்)

வண்டி ஓடும்போது கண்டன்சருக்கு எதிர்க்காத்து கிடைக்குது. நின்னா ஃபேன் மட்டும்தான் துணை. ஏசி போட்டுட்டு முன்னாடி போய் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு அந்த வரிசையில பார்க்கணும். சுத்தியும் இப்படின்னா கண்டன்சர்ல தூசி அடைச்சிருக்கலாம். நம்ம பக்கம் தென்னை நார் மில்லுத் தூசி அதுல படிஞ்சு அட்டையாட்டம் ஒட்டிக்கும். சாதா ஹோஸ்ல மெதுவாத் தண்ணி அடிங்க. பிரஷர் வாஷரைக் கிட்ட வெச்சு அடிச்சா ஃபின்னுங்கற மெல்லிசான தகடெல்லாம் மடங்கிடும், அப்புறம் காத்தே போகாது. ரெண்டும் சரியா இருந்தா கேஸ் அளவைப் பார்க்கணும்.

வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுலயும் ஏசி விட்டு விட்டுத்தான் வருது. கம்ப்ரஸர் போச்சா? (கோவிந்தாபுரம்)

அப்படி முடிவு பண்ண வேண்டாங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கும்போது இன்ஜினுக்கு இழுவை கிடைக்கட்டும்னு நிறைய வண்டியில கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். இன்ஜின் ரொம்பச் சூடானாலும் நிறுத்தும். டெம்பரேச்சர் முள் மேல ஏறுதுன்னா ஏசியை விட்டுட்டு முதல்ல கூலன்ட்டைக் கவனிங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

கோயம்புத்தூர் போறப்ப முதல் முக்கால் மணி நேரம் நல்லாக் குளிருது அண்ணா. வாளையாறு தாண்டினா சூடு. அணைச்சுப் போட்டா மறுபடியும் வருது. (பாலக்காடு)

ஒண்ணு கவனிச்சுச் சொல்லும்மா: சூடாகறப்ப காத்தோட வேகமும் குறையுதா?

குறைஞ்சா கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது. கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், காயிலோட குளிரை அளக்கற தெர்மிஸ்டர் பழுதாகியிருக்கலாம். ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார். வெளிச்சம் வரலைன்னா மாத்திடு, சின்னச் செலவுதான்.

காத்து அதே வேகத்துல சூடா வந்தா, கம்ப்ரஸரை பெல்ட் ஓடற புல்லியோட சேர்த்துப் பிடிக்கற கிளட்ச் மேல சந்தேகம். அந்தக் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் போல இடைவெளிதான் இருக்கணும். தேஞ்சு இடைவெளி கூடினா, கிளட்ச்சோட காந்தக் காயில் சூடேறி இழுக்கற சக்தி குறையறப்ப தட்டு ஒட்டாது. ஷிம்மை (இடைவெளிக்காக வெச்ச மெல்லிசான வளையத் தகடு) எடுத்தே பல வண்டியில சரி பண்ணிடலாம். முழு கம்ப்ரஸரையும் மாத்தணும்னு யாராவது சொன்னா, முதல்ல இடைவெளியை அளந்து காட்டச் சொல்லு.

டிரைவர் பக்கம் சூடு, இந்தப் பக்கம் குளிர். (வேலந்தாவளம்)

டேஷ்போர்டுக்குள்ள டக் டக்னு சத்தம் கேட்டா, காத்தைத் திருப்பற கதவோட மோட்டார் பல்லு உடைஞ்சிருக்கலாம். சத்தம் இல்லைன்னா கேஸ் குறைவா இருக்கலாம்.

டப்பா கேஸ் வாங்கி நானே ஏத்தலாமா? (நெம்மாறை)

வேண்டாங்க. ஹை சைடுல (அழுத்தம் அதிகமா இருக்கற பக்கம்) தப்பா மாட்டினா டப்பாவே வெடிக்கும். நிறைய கார் ஏசியில இருக்கற ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியில கொதிக்கறது, கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. விலை கம்மின்னு எரியற கேஸ் கலந்ததைப் போட்டு, கேபினுக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. பழைய கேஸைக் காத்துல திறந்து விடறவங்ககிட்டயும் போகாதீங்க. பூமியைச் சூடாக்கறதுல அது கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல.

அப்ப வொர்க்‌ஷாப் வர்றதுக்கு முன்னாடி நாங்களே என்னதான் பார்க்கலாம்? (கொழிஞ்சாம்பாறை)

இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுசா வைங்க. கம்ப்ரஸர் முன்தட்டு புல்லியோட சேர்ந்து சுத்துதான்னு எட்டி நின்னே பாருங்க. சில புது வண்டியில கிளட்ச்சே இருக்காது, அதுல இந்தச் சோதனை செல்லாது. பத்து நிமிஷம் கழிச்சு இன்ஜினை அணைச்சுட்டு, கூலிங் காயில்ல இருந்து கம்ப்ரஸருக்கு வர்ற தடிச்ச பைப்பைத் தொடுங்க. ஜில்லுன்னு வேர்த்திருக்கணும். மெல்லிசான பைப் சுடும், அதுல கையை வைக்காதீங்க. பானெட்டைத் திறக்கறப்ப வேட்டி, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. இன்ஜின் அணைஞ்ச பிறகும் ஃபேன் தானாச் சுத்த ஆரம்பிக்கலாம், விரலைக் கொண்டு போகாதீங்க.