நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு டாக்டர்?

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்பது வயது. வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. கடைசியாக மூன்று வருடங்களுக்கு முன்பு தடுப்பூசிக்காகக் கொண்டுபோனோம். இப்போது முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறது, உடம்பும் இளைத்துச் சிக்கென்று இருக்கிறது. நோய் இல்லாத பூனையை வருடா வருடம் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமா? கூடையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

பதில்: காட்டத்தான் வேண்டும். ஆரோக்கியமான பூனைக்கும் நாய்க்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை தேவை. பூனைக்குப் பத்து வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் உங்கள் பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்புறம். இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். நல்லது என்று நினைத்து நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களும்தான் எனக்கு நெருடலாக இருக்கின்றன.

வயதான பூனை அதிகமாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா, சர்க்கரை நோயா என்றுதான் முதலில் பார்ப்போம். இரண்டிலுமே தாகம் கூடும். சிறுநீரகக் கோளாறிலும் தாகம் கூடும், ஆனால் அதில் பெரும்பாலும் பசி குறைந்துவிடும். எதுவாக இருந்தாலும் மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாக இருக்கும். பார்த்தீர்களா?

பூனை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், நாமும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதற்குள் சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். அதனால்தான் இரத்தத்தோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்கிறோம். சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும்.

பரிசோதனை என்றாலே ஊசிதான் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அறையில் இருப்பதிலேயே உபயோகமான கருவி எடை இயந்திரம். மூன்று வருடத்துக்கு முன்பு 4.6 கிலோ, இன்று 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு கிராம்தானே என்று தோன்றும். அறுபது கிலோ மனிதருக்கு எட்டு கிலோ குறைந்ததற்குச் சமம் அது! தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது, ரோமமும் மறைத்துவிடும். பழைய எடை குறித்த அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அடுத்து டாக்டரின் கை பேசும். முதுகெலும்பு எந்த அளவுக்குத் தட்டுப்படுகிறது, கழுத்தில் தைராய்டு சிறு உருண்டையாக நழுவுகிறதா, வயிற்றில் சிறுநீரகங்கள் சுருங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார், இதயத் துடிப்பைக் கேட்பார். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு, சிறுநீரக நோய் இரண்டிலுமே அது ஏறலாம், கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் கண் பார்வை போய்விடக்கூடும். தடுப்பூசி விட்டுப்போனதையும் சொல்லுங்கள், எது எப்போது என்று அவரே முடிவு செய்வார்.

சரி, கூடைப் பிரச்சினைக்கு வருவோம். கிளம்பும் நேரத்தில் மட்டும் கூடையை எடுத்தால் எந்தப் பூனைதான் ஓடாது? இன்றைக்கே எடுத்துக் கூடத்தில் திறந்து வையுங்கள். அது படுக்கும் துணியை உள்ளே விரியுங்கள், தீனியையும் அங்கேயே வையுங்கள். மேல்மூடி கழலும் கூடை என்றால் இன்னும் நல்லது. பூனையை இழுத்து வெளியே எடுக்காமல், அடிப்பாகத்தில் உட்காரவைத்தபடியே பரிசோதித்துவிடலாம். போகும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களாக நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள். டாக்டரிடம் போகும் நாளுக்கு முன்பே பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். சிறுநீர் நிறையப் போகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிட வேண்டாம். வெளியே போகும் நீரை ஈடுகட்டத்தான் அது அவ்வளவு குடிக்கிறது.