இன்றும் இல்லை

வணக்கம் சார்,

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 80 ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் நட்சத்திரம் ஒன்று செப்டம்பருக்குள் வெடிக்கும், வெறும் கண்ணிலேயே தெரியும் என்று 2024 தொடக்கத்தில் எல்லாச் செய்திகளிலும் வந்தது. நீங்களும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மொத்தம் 61 இரவுகள். ஒரு நோட்டில் தேதி போட்டு "இல்லை" என்று எழுதி வைத்தேன். கடைசி வரை இல்லைதான். "அப்பா, அந்த நட்சத்திரத்துக்கு உங்களைப் பிடிக்கவில்லை" என்று என் மகள் சிரிக்கிறாள்.

இப்போது விட்டுவிட்டேன். எனக்கு இரண்டு கேள்விகள். கோடிக்கணக்கில் செலவழித்து வானம் முழுவதையும் தானாகவே படமெடுக்கும் டெலஸ்கோப்புகள் இருக்கும்போது, என்னைப் போன்ற ஒருவர் பைனாகுலரோடு நிற்பதால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டா? இதை விட்டுவிட்டு சூப்பர்நோவா தேடலாமா? நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் நோட்டுப் பக்கங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைப் படித்தேன். ஒன்றன் கீழ் ஒன்றாக அத்தனை "இல்லை". ஏமாற்றத்தில் எழுதியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல 1866-க்குப் போக வேண்டும்.

நீங்கள் காத்திருந்த அதே நட்சத்திரம்தான், டி கொரோனா போரியாலிஸ். 1866 மே 12 நள்ளிரவு நெருங்கும் நேரம். அயர்லாந்தில் டூவம் என்ற சிற்றூரில் அமெச்சூர் வானியலாளர் ஜான் பர்மிங்காம் நண்பர் வீட்டிலிருந்து திரும்பி நடந்து வந்துகொண்டிருக்கிறார். அண்ணாந்து பார்த்தால் வடமகுடம் (கொரோனா போரியாலிஸ்) என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் கூடுதலாக இருக்கிறது. லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார், அவர்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸுக்கு எழுதினார். நான்கே நாளில் ஹக்கின்ஸ் அதன் ஒளியை நிறமாலைமானியில் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு நோவாவின், அதாவது இப்படித் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும் நட்சத்திரத்தின் ஒளியை அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை. ஹைட்ரஜன் பிரகாசமாக ஒளிர்வது அதில் தெரிந்தது.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. எனக்குப் பிடித்த ஆள் இன்னொருவர், ஏதென்ஸில் இருந்த வானியலாளர் யூலியஸ் ஷ்மிட். அதே இரவில், பர்மிங்காம் பார்ப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, அவரும் வானத்தின் அதே பகுதியைப் பார்த்திருந்தார். அங்கே புதிதாகப் பிரகாசமான நட்சத்திரம் எதுவும் இல்லை என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவர் சொன்னது "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான். அது இல்லாவிட்டால் அந்த நட்சத்திரம் வெடித்தது மே 12-லா, அதற்கு ஒரு வாரம் முன்பா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஷ்மிட்டின் "இல்லை"யையும் பர்மிங்காமின் "இருக்கிறது"வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான், சில மணி நேரத்துக்குள் அது பல மடங்கு பிரகாசமாகிவிட்டது என்ற விஷயம் வெளியே வந்தது.

அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளுக்கும் உதவும். சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று 227 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. ஒன்று ஊதிப் பெருத்த சிவப்பு ராட்சதன். மற்றது செத்துச் சுருங்கிய வெள்ளைக் குள்ளன், ஏறக்குறைய பூமியின் அளவுதான் இருக்கும், ஆனால் சூரியனைவிடவும் எடை அதிகம். பெரியதன் மேற்பரப்பிலிருந்து ஹைட்ரஜனைச் சிறியது உறிஞ்சித் தன்மேல் படியவிடுகிறது. அந்தப் படிவு தடித்து, அடியில் வெப்பம் ஏறி, ஒரு கட்டத்தில் மொத்தமும் ஒரேயடியாக அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்கிறது. பால் பொங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் வழிந்துவிடும், ஆனால் பாத்திரம் அடுப்பிலேயே இருக்கும், மறுபடி நிறையத் தொடங்கும். அதனால்தான் இது திரும்பத் திரும்ப வெடிக்கிறது. சூப்பர்நோவாவில் பாத்திரமே போய்விடும். (அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டே நின்றால் பால் பொங்காது, இந்தப் பக்கம் திரும்பினால் பொங்கிவிடும்.)

அப்படித் திரும்பியவர் லெஸ்லி பெல்டியர். அமெரிக்காவில் ஓஹையோ மாநில விவசாயி. பண்ணையில் ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் முதல் டெலஸ்கோப் வாங்கியவர், வாழ்நாளில் 1,32,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் செய்தவர். 1920-லிருந்து இதே நட்சத்திரத்தைக் கால் நூற்றாண்டு காவல் காத்தார். 1946 பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார். தொண்டை கரகரத்தது, சளி பிடிக்கும்போல் இருந்தது. திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது. தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார், ஆனாலும் அதற்குப் பிறகு அந்த நட்சத்திரத்தோடு பழைய ஒட்டுதல் இல்லை என்றும் சொன்னார். நான் 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஒஃபியூக்கி என்ற, இதே போலத் திரும்பத் திரும்ப வெடிக்கும் இன்னொரு நட்சத்திரம் வெடித்த இரவைத் தவறவிட்டவன். மேகம்கூட இல்லை. மடிக்கணினியில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே பெல்டியரை நான் குறை சொல்வதில்லை.

1866, 1946, இடையில் 80 ஆண்டு. அப்படியானால் 2026-தானே வர வேண்டும், 2024 என்று ஏன் சொன்னார்கள்? இதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1946-க்கு எட்டு ஆண்டு முன்பு அது சற்றுப் பிரகாசமாகி இருந்தது. 1945-ல் சட்டென்று மங்கியது. அடுத்த ஆண்டு வெடித்தது. இம்முறையும் 2015-ல் பிரகாசம் கூடியது, 2023-ல் மங்கத் தொடங்கியது. பழைய ஒளிக்கோட்டை, அதாவது பிரகாசம் நாளுக்கு நாள் எப்படி மாறியது என்று காட்டும் கோட்டை, புதியதன்மேல் பொருத்திப் பார்த்து வானியலாளர் பிராட்லி ஷேஃபர் 2024 என்று கணித்தார். கணிப்பு தவறிவிட்டது, இதை எழுதும் இரவு வரை அது வெடிக்கவில்லை. அது அவர்கள் பாடு. ஆனால் அந்தப் பழைய ஒளிக்கோடு எங்கிருந்து வந்தது? எதுவுமே நடக்காத ஆண்டுகளில், பெல்டியரைப் போன்றவர்கள் "இன்றும் பத்தாம் அளவுதான்" என்று சலிக்காமல் எழுதிவைத்த வரிகளிலிருந்து. (அளவு என்பது பிரகாசத்தைக் குறிக்கும் எண். எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்.) வெடித்த இரவில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். வெடிக்காத இரவுகளுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1863 மே மாதம், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் அதன் தலைவர் நார்மன் போக்சன் விருச்சிகத்தில் ஒன்பதாம் அளவில் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டார். நட்சத்திரப் பிரகாசத்துக்கு இன்று உலகம் முழுதும் பயன்படும் அளவுகோலை, அதாவது ஐந்து படி என்றால் சரியாக 100 மடங்கு என்பதை, 1856-ல் வகுத்தவர் இவர்தான். அவர் கண்ட நட்சத்திரம் சில நாளில் மறைந்துபோனது. யூ ஸ்கார்ப்பியை என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஹார்வர்டின் பழைய புகைப்படத் தட்டுகளைத் துழாவியபோது 1906-லும் 1936-லும் அது மறுபடி வெடித்திருந்தது தெரிந்தது. பதிவான வெடிப்புகளை வைத்துப் பார்த்தால் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை வெடிக்கிறது. 1927, 1957 வாக்கில் நடந்திருக்க வேண்டியவை கணக்கில் இல்லை. காரணம் எளியது. மூன்றே நாளில் மூன்று படி இறங்கிவிடும் நட்சத்திரம் அது. அந்த மூன்று நாளும் விருச்சிகம் சூரியனுக்குப் பின்னால் இருந்தாலோ, பார்க்க வேண்டியவர் தூங்கினாலோ போயிற்று. 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் இரண்டு அமெச்சூர்கள் விடியலுக்கு முன் அதைப் பிடித்தார்கள். அவர்கள் சொன்ன பிறகே விண்வெளி டெலஸ்கோப்புகள் அந்தப் பக்கம் திரும்பின.

சரி, தானாகப் படமெடுக்கும் இயந்திரங்கள். அவை பார்க்காதா? பார்க்கும், மங்கலானவற்றை. சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் கேமராவுக்குப் பதினாறாம் அளவைவிடப் பிரகாசமான எதுவும் கண் கூசும், படத்தில் வெறும் வெள்ளைக் கறையாகத்தான் விழும். உங்கள் நட்சத்திரம் தூங்கும்போதே பத்தாம் அளவு, வெடித்தால் இரண்டாம் அளவு. பெரிய கண்ணுக்கு அது கிட்டத்தட்ட வேண்டாத விருந்தாளி. பிரகாசமான வானத்தை இன்னும் உங்களிடமும் என்னிடமும்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்பது வேறு விஷயம்.

சூப்பர்நோவா விஷயத்தில் இதே உற்சாகத்தோடு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) முகத்தை மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டுக் கொல்லையில் நின்று கண்ணாலேயே 40 சூப்பர்நோவா அளவுக்குக் கண்டுபிடித்தார். அந்தக் காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலானவற்றை ரோபோக்கள் முதலில் பார்த்துவிடுகின்றன. கேமரா இருந்தால் மட்டும் வாய்ப்பு உண்டு. ஜப்பானில் கோய்ச்சி இத்தாகாகி 2023 மே 19-ல் எம்101 மண்டலத்தில் ஒன்றைப் பிடித்தார், அப்போது அது பதினைந்தாம் அளவுதான்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்பவர் பூட்டு, சாவி வேலை செய்பவர். 2016 செப்டம்பர் 20 இரவு, புதிதாக வாங்கிய கேமராவைச் சோதிக்க, வீட்டு மாடியிலிருந்து என்ஜிசி 613 என்ற மண்டலத்தை இருபது இருபது விநாடியாகப் படமெடுத்தார். முதல் தொகுதிப் படங்களில் எதுவும் இல்லை. அதன் பிறகு எடுத்தவற்றில் ஒரு புள்ளி, படத்துக்குப் படம் வளர்கிறது. ஒரு நட்சத்திரம் உள்ளே நொறுங்கி, அதிர்ச்சி அலை மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும் முதல் கணங்களை அவர் படமெடுத்துவிட்டார். விஞ்ஞானிகள் அவரிடம் கேட்டு வாங்கிய படங்களில் அந்தப் புள்ளி இல்லாத படங்களும் முக்கியம். அவைதான் கடிகாரம்.

உங்கள் நோட்டைப் பயனுள்ளதாக ஆக்க ஒரே ஒரு மாற்றம் போதும். "இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், எது வரை தெரிந்தது என்றும் எழுதுங்கள். சுவாதி நட்சத்திரத்துக்கும் அபிஜித் நட்சத்திரத்துக்கும் நடுவில், உங்கள் ஊரில் உச்சிக்குச் சற்று வடக்கே, பாதி வளையல் போல வடமகுடம் நிற்கும். நீங்கள் அறிந்ததுதான். அதன் கிழக்கு முனைப் பக்கம் எப்சிலான் என்ற நட்சத்திரம், நான்காம் அளவு. அதிலிருந்து ஒரு டிகிரி தெற்கே உங்கள் ஆள். எப்சிலான் வெறும் கண்ணில் தெரிந்து, அதன் கீழே எதுவும் தெரியாவிட்டால் "4.1-ஐவிட மங்கல்" என்று எழுதுங்கள். பைனாகுலரில் எட்டாம் அளவு வரை தெரிந்தால் "8-ஐவிட மங்கல்". நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரமாக்குங்கள். அமெரிக்காவில் 1911-லிருந்து இயங்கும் ஏஏவிஎஸ்ஓ என்ற மாறொளி நட்சத்திர நோக்கர் சங்கம் இப்படிப்பட்ட பதிவுகளை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறது. ஒப்பீட்டு நட்சத்திரங்களின் அளவு குறித்த வரைபடத்தை அவர்கள் தளத்திலேயே அச்செடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சங்கத்துக்கு 37,000 பதிவுகளுக்கு மேல் அனுப்பியவர் ஒரு வங்காளி, ஜெசோர் கஜானாவில் குமாஸ்தாவாக இருந்த ராதா கோபிந்த சந்திரா. மெட்ரிகுலேஷனில் மூன்று முறை தேறாதவர். 1918-ல் கழுகு விண்மீன் கூட்டத்தில் வெடித்த நோவாவைத் தானாகவே கண்டவர். அவருக்கென்று சங்கம் கடல் தாண்டி ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றை அனுப்பிக் கொடுத்தது. அவருக்கு வயதான பிறகு அது வானியலாளர் வைனு பாப்புவிடம் போய், கடைசியில் நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் மகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை காவலூர் போய் வாருங்கள். பொதுமக்களுக்கு அனுமதி உள்ள நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஆகஸ்ட் 14-க்கு நேரே "மேகம், இல்லை" என்று இருக்கிறது. அன்று வடமகுடம் தெரிந்ததா, தெரியவில்லையா? தெரியவில்லை என்றால் அந்த "இல்லை"யை அடித்துவிடுங்கள். கணக்கு 60 ஆகிவிடும், பரவாயில்லை.